குசினி ஜன்னலில் தெரியும் மலை



கொழும்பிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். மாவனல்லையைத் தாண்டி, கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் வலப்பக்க ஜன்னலால் பார்த்தால் பள்ளத்தாக்கு கீழே இறங்கிக்கொண்டே போகும். அதற்கு அப்பால் வரிசையாக மலைகள். மற்ற மலைகளெல்லாம் கூம்பாக உயர்ந்திருக்க, ஒன்று மட்டும் உச்சி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும், அளவெடுத்து வெட்டி வைத்தாற்போல் நிற்கும். ரயிலில் போனாலும் அதே பக்கம்தான். "உம்மா, அங்க பாருங்க, மேசை மாதிரி ஒரு மலை!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நாமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சின்னவனுக்கு வாந்தி வராமல் இருக்கத் தேசிக்காயைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

அந்த மலையின் சிங்களப் பெயர் பத்தலேகல. ஆங்கிலேயருக்கு அது விரித்து வைத்த வேதப் புத்தகம் போலத் தெரிந்ததாம். பைபிள் ரொக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் கண்ணுக்கு அது ரைகால் பலகையில் விரித்து வைத்த கிதாபு போலவும் தெரியும். கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கப் பகுதியில் இருக்கிறது. உயரம் கடல் மட்டத்திலிருந்து 798 மீற்றர், அதாவது ஏறத்தாழ 2,600 அடி.

மாவனல்லை, ஹெம்மாத்தகமை, அரநாயக்கப் பக்கங்களில் எத்தனையோ வீடுகளில் அந்த மலை குசினி ஜன்னலிலேயே தெரிகிறது. தேங்காய் துருவும்போது தெரிகிறது. உடுப்புக் காயப்போடும்போது தெரிகிறது. மழை வருமா என்று பார்ப்பதும் அதன் தலையில் முகில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான். அப்படி முப்பது, நாற்பது வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம், "ஒரு நாளாவது ஏறியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். "மலையில எனக்கு என்ன வேல?" என்பார். அவருடைய ஆண்பிள்ளைகள் ஓ.எல். சோதனை முடிந்த கையோடு கூட்டாளிமாருடன் ஏறியிருப்பார்கள். சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்தது அவர்தான்.

நானும் அந்தப் பார்சல் கட்டியவர்களில் ஒருத்திதான். கடந்த பெப்ரவரியில் என் கணவரும் நானும் அந்த மலையில் ஏறினோம். எனக்கு ஐம்பது கடந்துவிட்டது, அவருக்கு ஐம்பத்தாறு. கலியாணம் முடித்த இருபத்தெட்டு வருடத்தில், பிள்ளைகள் இல்லாமல், கலியாண வீடோ மையித்து வீடோ இல்லாமல், கடைச் சாமான் வாங்கும் வேலையும் இல்லாமல், நாங்கள் இருவர் மட்டும் ஒரு முழுப் பகலை வெளியில் கழித்தது அதுதான் முதல் தடவை. உங்களில் பலருக்கும் இந்தக் கணக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

மலை எப்படி மேசையானது?

போவதற்கு முன் மலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பிள்ளைகள் கேட்டால் சொல்லவும் உதவும்.

நமது நாட்டின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மிகப் பழைய பாறை. புவியியல் புத்தகத்தில் 'உருமாறிய பாறை' என்று படித்திருப்பீர்கள். ஏறத்தாழ 55 கோடி முதல் 60 கோடி வருடங்களுக்கு முன், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்த காலத்தில், நிலத்துக்குக் கீழே பல கிலோமீற்றர் ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய பாறைகள் இவை. மேலே மூடிக் கிடந்த படைகளை மழையும் வெயிலும் ஆறுகளும் கோடிக்கணக்கான வருடங்களாகக் கரைத்துக் கொண்டுபோக, அடியில் கிடந்தது இன்று மேலே தெரிகிறது. இன்று நாம் சப்பாத்துக் காலால் மிதிக்கும் கல், ஒரு காலத்தில் யாருக்கும் எட்டாத ஆழத்தில் கிடந்த கல்.

சரி, உச்சி ஏன் தட்டை? கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் மண்ணைக் கவனித்துப் பாருங்கள். சுற்றியுள்ள மண் கரைந்து போயிருக்கும். ஆனால் ஒரு சின்னக் கல் கிடந்தால், அதன் கீழ் உள்ள மண் மட்டும் கரையாமல் குட்டித் தூண்போல் நிற்கும். கல் தட்டை என்பதால் தூணின் தலையும் தட்டை. மலைகளிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். கடினமான பாறை எஞ்சி நிற்கிறது. சுற்றியுள்ள மெதுவான பகுதி அரித்துப் போகிறது. பாறையில் நிலைக்குத்தாக ஓடும் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, வேர் இறங்கி, துண்டு துண்டாகக் கழன்று விழுவதால் பக்கங்கள் சுவர்போல ஆகின்றன. மலையடிவாரத்தில் வீடளவு பாறைகள் கிடப்பது அதனால்தான்.

யார் முன்னால், யார் பின்னால்?

சுபஹ் தொழுதுவிட்டு மாவனல்லையிலிருந்து அரநாயக்கப் பக்கம் போனோம். மலையடிவாரம் வரை ஆட்டோ. பிறகு மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் பலாவும் கமுகும் நிற்கும் தோட்டங்களுக்கிடையே நடை. வாசலில் நின்ற ஓர் அம்மாவிடம் பாதை எப்படி என்று கேட்டோம். மழை இல்லாததால் பயமில்லை என்று சிங்களத்தில் சொன்னார். வரும்போது பிளேன்டீ குடிக்க வரும்படியும் சொன்னார்.

முதல் அரை மணித்தியாலம் என் கணவர் முன்னால் போனார். அவருக்கு நீண்ட கால். ஒரு திருப்பத்தில் நின்று எனக்காகக் காத்திருப்பார். நான் மூச்சு வாங்க அவரிடம் போய்ச் சேர்ந்ததும், "வந்தாச்சா? சரி, போவோம்" என்று மறுபடி நடக்கத் தொடங்குவார். கவனித்தீர்களா? நிற்கும் நேரமெல்லாம் அவருக்கு ஓய்வு. எனக்கு ஓய்வே இல்லை. நான்கு தடவை இப்படி நடந்த பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனி நான் முன்னுக்குப் போறன். நீங்க பின்னால வாங்க," என்றேன்.

"அப்ப பகலைக்குத்தான் மேல போய்ச் சேருவம்," என்றார்.

"பகலைக்குப் போனா மலை ஓடியா போயிடும்?"

சிரித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

இது வெறும் குடும்பப் பகிடி அல்ல, சகோதரிகளே. மலை ஏறுவதில் பழக்கமானவர்கள் எல்லோரும் பின்பற்றும் ஒழுங்கு இதுதான்: மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். வேகமாக நடப்பவர் அவருடைய கணக்குக்குத் தன் காலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் யாரும் களைத்து விழாமல், யாரும் தனித்துப் போகாமல் எல்லோரும் மேலே சேரலாம். இருவரும் ஒரே நேரத்தில் நின்று, ஒரே நேரத்தில் இளைப்பாறி, ஒரே நேரத்தில் எழுந்தால் ஏற்றம் பாதியாகிவிடும்.

இந்த இடத்தில் இப்னு பதூதா நினைவுக்கு வருகிறார். அவர் 1344ஆம் ஆண்டு நமது நாட்டுக்கு வந்து பாவாத மலையில் ஏறியவர். பிடித்து ஏறுவதற்கு இருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றியும் தன் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அந்த மலைக்கு அக்காலத்தில் இரண்டு பாதைகள் இருந்தனவாம். ஒன்று 'பாபா' பாதை, மற்றது 'மாமா' பாதை. நம் வழக்கில் உள்ள மாமா அல்ல. பாபா என்றது ஆதம் நபியை, மாமா என்றது ஹவ்வா உம்மாவை. பாபா பாதை கடினமானது. மாமா பாதை இலகுவானது. திரும்பி இறங்குவோர் அதனால் வருவார்கள். ஆனால் ஏறும்போதே அந்த வழியால் போனவர்களை, ஸியாரத்தே செய்யாதவர்களாகத்தான் ஊரார் கணக்கெடுத்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு ஒரு சிரிப்பு. இலகுவான வழிக்குத் தாயின் பெயர்! அந்தப் பெயரை வைத்தவருக்கு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைத்துப் பார்த்த அனுபவம் இருந்திருக்காது. ஆனாலும் நாம் அதை மனதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. எந்த வழியால் போனாலும், நின்று நின்று போனாலும், ஏறியவர் ஏறியவர்தான்.

பின்னால் வந்த குரல்

நான் முன்னால் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் பேசத் தொடங்கினார். கடையைப் பற்றி. மூத்தவனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கலாமா என்று ஒரு வருடமாக யோசிக்கிறாராம். கணக்குப் பார்க்கும்போது இப்போதெல்லாம் கண் கலங்குகிறதாம். ஒதுங்கினால் மனிதர் மதிப்பார்களா என்று பயமாகவும் இருக்கிறதாம்.

ஒரு வருடமாக! ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது. எப்படித் தெரியும்? குசினியில் மருமகள், ஹோலில் பேரப்பிள்ளைகள், மேசையில் கேஸ் விலையும் கரண்ட் பில்லும், படுக்கப் போனால் தூக்கம். சொல்ல வேண்டிய விசயத்துக்கு வீட்டில் இடமே இல்லை.

மலைப் பாதையில் இடம் இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அவர் பின்னால் வந்ததால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்காதபோது ஆண்களுக்குச் சொல் இலகுவாக வருகிறது. "என்ன, ஒரு மாதிரியா இருக்கிறீங்க?" என்று நேரே கேட்டால் "ஒன்றுமில்ல" என்பதுதான் விடை. படி ஏறிக்கொண்டே கேட்டால் விடை வேறு. நான் உடனே புத்தி சொல்லப் போகவில்லை. மூச்சு வாங்கியது, சொல்ல முடியவும் இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. அவர் முழுவதையும் சொல்லி முடித்தார்.

பாறைச் சுவரை அண்டிய கடைசிப் பகுதி செங்குத்து. அங்கே காலோடு கையும் வேலை செய்ய வேண்டும். ஒரு கையால் அபாயாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாறையைப் பிடிப்பது ஆபத்து. நான் அபாயாவை இடுப்பில் பட்டி கட்டி உயர்த்தியிருந்தேன், உள்ளே காற்சட்டை. அந்த இடத்தில் மட்டும் அவர் முன்னால் ஏறிக் கை கொடுத்தார். எல்லாமாக எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. எங்களுக்குப் பிறகு வந்த பொடியன்மார் எங்களைத் தாண்டி மேலே போய், நாங்கள் சேரும்போது இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். "கொஞ்சந்தான் இருக்கு, அன்ட்டி," என்றார்கள். அது பொய் என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் உதவியது.

உச்சியிலிருந்து

பஸ்ஸிலிருந்து பார்த்தால் மேசை. மேலே போனால் மேசை இல்லை. பாறையும் புல்லும் மரங்களும், மழைத் தண்ணீர் தங்கும் குழியும், மேடும் பள்ளமுமாக ஒரு சின்ன ஊர்போல இருக்கிறது. பௌத்த மக்கள் வழிபடும் இடமும் உண்டு. ஓரத்துக்குப் போகாமல் நடுவில் நின்றாலே போதும், நாலா பக்கமும் தெரியும்.

வடக்கே, ஆங்கிலேயர் 1820களில் வெட்டிய கண்டி வீதி. அதற்கு மேலே மலையை ஒட்டி, 1867இல் கண்டியை எட்டிய ரயில் பாதை. அந்த வழியால் எத்தனை நூறு தடவை போயிருப்பேன்! கண்டி அரசர் காலத்தில் எதிரி வருவதை அறிவிக்க இந்த உச்சியில் தீ மூட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

மாவனல்லைப் பக்கம் உத்துவன்கந்த என்ற கற்குன்றும் தெரியும். சரதியல் ஒளிந்திருந்த குன்று. அந்தக் கதையில் நம்மவர் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சரதியலின் நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார். அவர்களைப் பிடிக்கப் போனபோது 1864 மார்ச் 21ஆம் திகதி சுடப்பட்டு இறந்தவர் சபான் என்ற மலாய்க் கொன்ஸ்டபிள். கடமையில் உயிர் கொடுத்த முதல் பொலிஸ்காரர் அவர்தான். அந்தத் தினத்தைத்தான் பொலிஸார் வருடந்தோறும் பொலிஸ் வீரர்கள் தினமாக நினைவுகூருகிறார்கள். சரதியலும் மம்மலேயும் அதே வருடம் மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

தெற்கே அரநாயக்க மலைகள். பச்சைப் பசேல் என்று அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பக்கம்தான் 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்தது. நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு ஒரு பின்னேரம் சேறும் கல்லும் இறங்கி எலங்கப்பிட்டிய, பல்லேபாகே, சிரிபுர என்ற கிராமங்களை மூடிவிட்டன. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையிலும் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது.

மலையைப் பார்த்து ரசிக்கும் நாம் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே மலைச் சரிவில் வாழ்பவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, இருந்த ஊற்று வற்றுதல் அல்லது கலங்குதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றை வீட்டில் முதலில் காண்பது பெரும்பாலும் பெண்கள்தான். கண்டால் "ஆம்பிளைகள் வரட்டும்" என்று காத்திருக்காமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

நீங்களும் போவதானால்

காலம்: சனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை இந்தச் சரிவுகளில்தான் கொட்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலாக இருந்தாலும் பின்னேரம் இடி மின்னல் வரும். மின்னலுக்குத் தட்டையான உச்சியைப்போல மோசமான இடம் வேறில்லை. எந்த மாதமானாலும் பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஏறுமுன் ஊராரிடம் பாதையின் நிலையைக் கேளுங்கள்.

பழக்கம்: மூன்று, நான்கு கிழமைக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் நடங்கள். கிழமைக்கு 150 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மலைக்குப் போகாவிட்டாலும் அது நமக்குத் தேவைதான்.

வருத்தங்கள்: இருதய வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் போக வேண்டாம். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் எடுப்பவர்கள் ஏற்றத்தில் சீனி குறைந்துபோகக் கூடும் என்பதால் பேரீச்சம்பழமோ இனிப்போ கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். முழங்கால் நோவுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஒரு தடி, சின்ன அடி, அவசரமின்மை. அவ்வளவுதான்.

உடுப்பு: வழுக்காத சப்பாத்து. செருப்பு வேண்டவே வேண்டாம். அபாயாவுக்குப் பட்டி, ஹிஜாபுக்கு ஊசி. நீண்ட துப்பட்டா காற்றில் பறந்து கண்ணை மறைக்கும். அட்டைக்குச் சவர்க்காரத் துண்டு ஒன்று. வாசனை பூசாமல் போவது நல்லது, குளவிக்குப் பிடிக்கும்.

சாப்பாடு: ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். ரொட்டியும் கட்டாச் சம்பலும் நாங்கள் கொண்டு போனோம். அதையும் முதல் நாள் இரவு இருவருமாகச் செய்தோம். மலைக்குப் போவதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஒருத்தி மட்டும் பிரியாணி சமைப்பதென்றால், அதற்குப் பெயர் பயணம் அல்ல, இன்னொரு வேலை. லுஹருக்கு ஒரு சின்ன முஸல்லாவும் வுளூவுக்குத் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரியாதை: அடுத்தவர் வழிபடும் இடத்தில் சத்தம் போடுவதோ, ஏறி உட்காருவதோ, சாப்பாட்டை விரிப்பதோ கூடாது. 2019 சனவரியில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல தூபியின் மேல் ஏறிப் படம் எடுத்த மாணவர்கள் கைதானதும், அவர்களின் உம்மாமார் பட்டிருக்கக் கூடிய பாடும் மறக்கக் கூடாதவை. பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். கொண்டு போன பையையும் போத்தலையும் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

கணவர் சவூதியிலோ கட்டாரிலோ இருக்கும் சகோதரிகளும், கணவரை இழந்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தாத்தா தங்கச்சிமார் சேர்ந்து, வளர்ந்த மகனையோ நானாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். எங்களுக்குப் பக்கத்தில் மலை இல்லை என்பவர்களுக்குக் கடற்கரை இருக்கும், குளக்கட்டு இருக்கும், வயல் வரம்பு இருக்கும். கணவருக்கு ஒரு முழுநாள் இல்லையென்றால் அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் கேளுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு நடங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும்.

இறங்கி வந்து, சொன்னபடி அந்த அம்மா வீட்டில் பிளேன்டீ குடித்துவிட்டு, நேரே என் உம்மாவிடம் போனோம். உம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். பள்ளத்தாக்கு, ரயில் பாதை, முகில் எதையும் உம்மா பார்க்கவில்லை.

"அங்க இருந்து நம்மட வீடு தெரியுதா?" என்றுதான் கேட்டார்.

வீடு தெரியவில்லை. பள்ளிவாசல் மினாரா மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதற்கு இடப்பக்கம் ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டி, நம் பலா மரமாக இருக்கலாம் என்றேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"கலியாணம் முடிச்ச வருசம் உங்கட வாப்பாக்கிட்ட கேட்டன். அடுத்த வருசம் போவம் என்டார்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. வாப்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில், "அலகல்ல மலையும் நல்லமாம். வார வருசம் என்டு வைக்காம இந்த மார்ச்சிலயே போவமா?" என்றார். கடை விசயமும் இன்னும் முடிவாகவில்லை, பேச இருக்கிறது.

உங்கள் ஜன்னலில் தெரியும் மலை எது, சகோதரிகளே? போய் வந்தால் எழுதுங்கள். போக முடியாமற் போனால், ஏன் முடியவில்லை என்றும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.